மேரி டீச்சர் சைக்கிளுக்கு மட்கார்டு

மட்கார்டு இரண்டும் பார்சலில் வந்து இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல், கடையின் பின்சுவரில் பழைய டயர்கள் தொங்கும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் சணலால் கட்டி மாட்டி வைத்திருந்தான் மிக்கேல்ராஜ். நாட்களை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டால், உண்மையிலேயே இல்லை. என்னுடையது பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், வாளி, கூடை, தண்ணீர்க் கேன். வீட்டுக்கு ஒரு வாளி வாங்கினால் அடுத்த வாளி வாங்க ஏழு வருசம் ஆகும். ஆகவே திண்டுக்கல் பேகம்பூர் ரோட்டில் என் பிழைப்பின் பாதி, பக்கத்துச் சைக்கிள் கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். வாயும் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரி நர்கீஸ் இதை என் முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

மிக்கேல்ராஜ் வேலையைத் தள்ளிப்போடுகிறவன் இல்லை. காலையில் விட்ட சைக்கிளை மத்தியானச் சோற்றுக்கு முன்னால் தட்டிக் கொடுத்துவிடுவான். அப்பேர்ப்பட்டவனுக்குச் சொந்தப் பெண்டாட்டி சைக்கிளில் ஒரு ஜோடி மட்கார்டு மாட்ட இருபத்து மூன்று நாளாக ஒழியவில்லை என்றால் என்ன அர்த்தம்? ரோட்டில் போகிற ஆட்டோக்காரனுக்குக்கூட அது புரிந்திருக்கும்.

ஜனவரி மாதம் ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கும்போது மிக்கேல்ராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். நான்தான் ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனேன். ரத்தக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கோலத்தில், கையில் சாக்பீஸ் தூளோடு நின்றாள் அவன் மனைவி ஆனந்தமேரி. ஊரில் எல்லோருக்கும் மேரி டீச்சர். அழவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். ஜெபம்தான், ஆனால் அதற்குள் ஒரு வேண்டுதலும் இருந்தது. "அவரப் பொழைக்க வச்சிரு தாயே, சைக்கிள் மிதிச்சே உன் வாசலுக்கு வாரேன்."

இவர்கள் கோயிலிலிருந்து வருசா வருசம் ஆகஸ்டு கடைசியில் நாற்பது ஐம்பது சைக்கிள் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் கிளம்பும். மூன்று நாள் மிதிப்பு. மிக்கேல்ராஜ் பதினெட்டு வருசம் விடாமல் போனவன். யாருக்குச் செயின் அறுந்தாலும், யாருக்குப் பஞ்சர் ஆனாலும் அவன்தான். இந்த வருசம் போகக்கூடாது என்று டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அவன் போக முடியாத வருசத்தில், அவனுக்காக அவள் போகிறாள். ஏப்ரல் மாதம் அதை அவள் சொன்னபோது அவன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அந்த மாதமே அவளே சைக்கிள் தேடினாள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காலேஜ் வாத்தியார், சைக்கிளிலேயே மூணாறு, மைசூர் என்று சுற்றியவர், வேலை மாறிப் போகும்போது தன்னுடைய டூரிங் சைக்கிளை விற்றார். மார்க்கெட் லாரியில், தக்காளிப் பெட்டிகளுக்கு மேலே படுத்துக்கொண்டு அது திண்டுக்கல் வந்து இறங்கியது. பச்சை நிறம், கியர், அகலமான டயர், முன்னும் பின்னும் பை மாட்டக் கம்பி. எல்லாம் இருந்தது, மட்கார்டு மட்டும் இல்லை. அதையும் மகள் அனிஷாவை வைத்து ஆன்லைனில் வரவழைத்தாள். அனிஷா ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற பெண்.

சாயங்காலம் நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் கடைக்கு வருவாள். டப்பாவில் உப்புப் போடாத சுண்டல் இருக்கும். அன்றைக்கும் வந்தாள்.

"ஏங்க, இன்னைக்காவது மாட்டுவீங்களா?"

"மூணு பஞ்சர் கெடக்கு மேரி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மூணு பஞ்சரா கெடக்கு?"

நான் கூடைகளை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். கடையில் ஒரு பஞ்சர்கூட இல்லை.

"அந்த முன் ஃபோர்க்கப் பாத்தியா?" என்றான் மிக்கேல். "கம்பிய முடுக்க ஓட்டையே வைக்கல. ஸ்டைலுக்குச் செஞ்ச வண்டி. மாட்டுனாலும் ஆடும்."

"போன வாரம் பின்னாடி எடம் பத்தலன்னீங்க."

"அதுவும் பத்தலதான்."

"அதுக்கு முந்துன வாரம் ஸ்க்ரூ சைஸ் சரியில்லன்னீங்க. ஊர்ல உள்ள ஓட்டச் சைக்கிளயெல்லாம் ஓட வச்ச ஆளு, இதுக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு கத சொல்றீங்க."

"வேற கடையில வேணா குடு."

"குடுக்க மாட்டேன். மிக்கேலு பொண்டாட்டி வேற கடையில மாட்டுனாங்கிற பேச்சு எனக்கு வேணாம். உங்க கையாலதான் மாட்டணும்."

சுண்டல் டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் ஒரு வாய் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். "வாய்ல வைக்க வெளங்கல பாய். வெஞ்சனத்துலயும் உப்பில்ல, சுண்டல்லயும் உப்பில்ல. பொழச்சு என்ன பிரயோசனம்."

"போகவேணாம்னு நேராச் சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

"எப்பிடிச் சொல்றது? மாதாகிட்ட நேந்துக்கிட்டது. நான் தடுத்தேன்னு வரக்கூடாதுல்ல. மணப்பாறை ரோட்டுல லாரி எப்பிடி வாரான்னு உங்களுக்குத் தெரியாது. அவளுக்கு நாப்பத்தேழு வயசு பாய்."

அவன் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த விவகாரத்தில் நான் அவன் கட்சி.

ஆனால் மட்கார்டு இல்லாமல் அவள் போக முடியாது. அதற்குக் காரணம் அருள்நாதன். நூல் மில்லில் சூப்பர்வைசர், சைக்கிள் குழுவுக்குத் தலைவர், மில்லில் பேசுகிற மாதிரியே கோயிலிலும் பேசுகிறவர். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போகிற கூட்டம் அது. ஒரு வருசம் வையம்பட்டி பக்கம் மழையில், மட்கார்டு இல்லாத ஒரு சைக்கிள் வாரி அடித்த சேறு பின்னால் வந்தவன் கண்ணில் விழுந்து, அவன் பாலத்துச் சுவரில் மோதித் தோள்பட்டை இறங்கிவிட்டது. அன்றிலிருந்து மட்கார்டு இல்லாத சைக்கிளை அவர் வரிசையில் சேர்ப்பதில்லை. பின் மட்கார்டில் சேறு தெறிக்காமல் தடுக்க, தரையைத் தொடுகிற மாதிரி ஒரு தொங்கட்டானும் வேண்டும்.

அந்த வாரமே அவர் பேர்ப் பட்டியலோடு கடைக்கு வந்தார்.

"மிக்கேலு, டீச்சர் பேர எழுதவா வேணாமா? ஞாயித்துக்கெழமையோட பட்டியல மூடுறேன்."

மிக்கேல் ஒரு வீலைச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டிக்கு மட்கார்டு இல்லியேப்பா," என்று அவரே ஆரம்பித்தார். "அது நமக்கில்ல, நமக்குப் பின்னால வாரவனுக்கு. நீயே எத்தன பேர்த்துக்குச் சொல்லிருப்ப."

"எழுதுங்க," என்றான் மிக்கேல். "மாட்டிர்றேன்."

மறுநாள் அட்டைப்பெட்டி கீழே இறங்கியது. கறுப்பு பிளாஸ்டிக் மட்கார்டு இரண்டு, மெல்லிய இரும்புக் கம்பிகள், ஒரு பொட்டலம் ஸ்க்ரூ. வேலையை ஆரம்பித்தால் அவன் வேறு ஆள். ஓட்டையில்லாத முன் ஃபோர்க்குக்கு இரண்டு வளையக் கிளிப் வாங்கி, உள்பக்கம் ரப்பர் வைத்து இறுக்கினான். பின்பக்கம் பிரேக் மாட்டுகிற குறுக்குக் கம்பிக்கு அடியில் மட்கார்டை நுழைத்து, கீழே ஒரு ஸ்க்ரூ, மேலே ஒரு ஸ்க்ரூ, இரண்டு பக்கமும் கம்பி. நீண்டு நின்ற கம்பி முனையை ரம்பத்தால் அறுத்து அரம் போட்டுத் தடவினான். டயரின் வளைவும் மட்கார்டின் வளைவும் ஒரே கோடாக ஓடின. கம்பெனியில்கூட இப்படி வராது.

ஒன்றை மட்டும் பார்த்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையவேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளுக்குக்கூட அவன் விரலை விட்டுச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பான். அன்றைக்குப் பழைய டியூபை இரண்டாக மடித்து நடுவில் வைத்து முடுக்கிவிட்டு, டியூபை உருவி எடுத்தான். ஒரு ரூபாய்க் காசைத்தான் செருகலாம், அவ்வளவு இடம். கேட்டிருக்கலாம். மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். நான் கேட்கவில்லை.

சாயங்காலம் டீச்சர் வந்து பார்த்தாள். சைக்கிளைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள்.

"அம்புட்டு அழகா இருக்குங்க," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அவன் வேறு எங்கோ பார்த்தான்.

அடுத்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அவள் குஜிலியம்பாறைக்குக் கிளம்பினாள். அங்கே தங்கச்சி ஜோஸ்பின் வீடு. போக நாற்பது, வர நாற்பது கிலோமீட்டர். வேளாங்கண்ணிக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க மிதித்துப் பார்க்கவேண்டும் என்பது அருள்நாதன் வைத்த இன்னொரு சட்டம். ஞாயிற்றுக்கிழமை மிக்கேல் கடை திறப்பதில்லை. அன்றைக்குத் திறந்தான். வேலை எதுவும் செய்யவில்லை. போனை முட்டி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரியாணிக் கடைக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போயிற்று. மூன்று மணிக்கு வடகிழக்கே வானம் கறுத்தது. எங்களுக்கு நாலு தூறல்தான், ஆனால் காற்றில் மண் வாசம் வந்தது.

"டீச்சர் வார வழியில, எரியோட்டுப் பக்கம் நல்லாப் பெய்யுது போல," என்றேன்.

அவன் போனை எடுத்தான், வைத்தான்.

ஐந்து மணிக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து கடைக்கு முன்னால் நின்றது. மாட்டுத் தீவன மூட்டைகளுக்கு நடுவில் பச்சைச் சைக்கிள் படுத்திருந்தது. டிரைவர் பக்கத்திலிருந்து மேரி டீச்சர் இறங்கினாள். தாடையில் தோல் பெயர்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. இடது கை மணிக்கட்டில் ஈரத் துண்டைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். சுடிதார் முழுக்கக் களிமண்.

மிக்கேல் எழுந்தான். நான் ஓடிப்போய் ஸ்டூலை எடுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன்.

வண்டியோட்டி வந்தவர் குஜிலியம்பாறைக்காரர், தங்கமுத்து என்று பேர் சொன்னார். சைக்கிளை இறக்கிக்கொண்டே பேசினார்.

"பாலம் வேல நடக்குதுல்ல, எல்லாரயும் கரிசக் காட்டுப் பாதையில திருப்பி விடுறாங்க. மழ பேஞ்ச மண்ணு. எங்க ஊருக்காரன் எவனும் அதுல மட்கார்டோட போகமாட்டான், கழட்டிக் கேரியர்ல கட்டிருவான். இல்லாட்டி விரல் அகலமாவது எடம் விட்டு மாட்டணும். இது டயரோட ஒட்டிக் கெடக்கு. மண்ணு போயி அடச்சிருச்சு, எறக்கத்துல வாரப்ப முன் வீலு அப்பிடியே நின்னுபோச்சு. டீச்சரம்மா ஹேண்டில் மேல ஏறி விழுந்துட்டாங்க. பின்னால நாந்தான் வந்தேன். பிரேக்க அமுக்குனேன் பாருங்க, இன்னும் நெஞ்சு அடங்கல. ஏன் அண்ணே, எந்தக் கடையில மாட்டுனது இது?"

நான் சட்டென்று ஒரு சொம்பை அவரிடம் நீட்டினேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, முன் சக்கரத்தில் காய ஆரம்பித்திருந்த மண்ணைச் சுண்டி எடுத்தாள். பிறகு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் சுண்டுவிரலை வைத்து நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"பிள்ளைக சைக்கிளுக்கே விரல விட்டுப் பாப்பீங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "எனக்கு மறந்துட்டீங்களா?"

"மேரி, மொதல்ல ஆஸ்பத்திரிக்கு…"

"போவோம். கேட்டதுக்குச் சொல்லுங்க. தெரியாம வச்சீங்களா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அது போய் முடிகிற வரைக்கும் காத்திருந்தான்.

"தெரிஞ்சுதான் வச்சேன்," என்றான்.

தரையைப் பார்த்தபடியே தொடர்ந்தான்.

"நீ ஜோஸ்பின் வீட்டுக்குத்தான் போவன்னும், அந்தப் பக்கம் கரிச மண்ணுப் பாதையில திருப்பி விடுறாங்கன்னும் தெரியும். ஒரு எடத்துல நின்னுபோகும், தள்ளிக்கிட்டு வருவ, அலுத்துப்போயி நீயே வேணாம்னு சொல்லிருவன்னு நெனச்சேன். விழுவன்னு நெனைக்கல. சத்தியமா நெனைக்கல மேரி."

"பின்னால அவரு வந்தாரு. அவருக்குப் பதிலா லாரி வந்திருந்தா?"

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மூடியபடியே பேசினான்.

"என்னால தாங்க முடியல. ஆஸ்பத்திரியில கெடந்தப்ப தூக்கி உக்கார வச்ச, கழுவி விட்ட. சரி, நோயாளி. இப்ப நடக்குறேன், கட தொறக்குறேன். இன்னும் எனக்காகன்னு நீ முந்நூறு கிலோமீட்டர் மிதிக்கணும், நான் இங்ஙன உக்காந்து வேடிக்க பாக்கணும். எல்லாரும் கேப்பான், என்ன மிக்கேலு உன் பொண்டாட்டி உனக்காகப் போறாளாமேன்னு. பதினெட்டு வருசம் மத்தவன் சைக்கிள தூக்கி நிறுத்துனவன் நான். வெக்கமா இருக்கு மேரி. அதத்தான் உங்கிட்டச் சொல்லத் தெரியல."

அவனும் அழுதான். அவளும் அழுதாள். ஆனால் அவள் அவன் பக்கம் நகரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் நான். முடியவில்லை.

"நானும் பாத்தேன் தங்கச்சி," என்றேன். "மாட்டும்போதே பாத்தேன். போகாம இருந்தா நல்லதுன்னு பேசாம இருந்துட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களுமாண்ணே," என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நர்கீஸிடம் சொன்னபோது, "அவரு பொண்டாட்டி விழுகுறத ரெண்டு ஆம்பளையும் சேந்து ஏற்பாடு பண்ணிருக்கீங்க," என்று கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான், ஒரு வாரம் கட்டு என்றார்கள். மூன்று நாள் டீச்சர் கடைப்பக்கம் வரவில்லை. சுண்டல் டப்பாவும் வரவில்லை. மூன்றாம் நாள் அனிஷா எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, அப்பாவும் அம்மாவும் பேசிக்கிறாங்களா?"

"சோறு போடுறாங்களாம். பேச்சு இல்ல போலம்மா."

"என்ன மாமா நடந்துச்சு? ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"ரோடு சரியில்ல, விழுந்துட்டாங்க," என்றேன். அந்தப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்ல.

நாலாம் நாள் நாலரை மணிக்கு டீச்சர் வந்தாள். இடது கையில் கட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கடைக்குள் ஏறினாள். மிக்கேல் எழுந்து நின்றான்.

"கொடியேத்தத்துக்குக் கெளம்ப எட்டு நாள் இருக்கு," என்றாள். "மட்கார்டக் கழட்டி மறுபடி மாட்டணும்."

"இந்தா, இப்பவே…"

"நீங்க இல்ல. நான் மாட்டுறேன். நீங்க எப்பிடின்னு மட்டும் சொல்லுங்க. ரோட்டுல ஒண்ணுன்னா நாந்தான பாக்கணும். பாய், நீங்க வந்து வீலப் பிடிங்க."

மறுபேச்சு இல்லாமல் போய்ப் பிடித்தேன். கடையில் ஒரு குடம் வாங்க வந்த அம்மாவை அப்புறம் வரச் சொல்லிவிட்டேன்.

வலது கையால் ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தளர்த்தினாள். பாவாடை நாடாவில் முடிச்சு அவிழ்க்கிற பொறுமை அவளுக்கு இருந்தது. மிக்கேல் சுவரோரம் நின்றான். கை தானாக நீளும், சட்டென்று பின்னால் கட்டிக்கொள்வான்.

"அந்தப் பழைய ஹவாய் செருப்ப எடு," என்றான். "விரல் அகலத்துக்கு மூணு துண்டா அறு. செருப்பு எல்லா எடத்துலயும் ஒரே கனமா இருக்கும். டயருக்கு மேல ஒண்ணு, முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு வையி. அதுக்கு மேல மட்கார்ட உக்கார வச்சு முடுக்கு. அப்புறம் துண்ட உருவிரு."

செருப்பைக் காலால் மிதித்துப் பிடித்து அறுத்து, துண்டுகளைச் செருகினாள். மட்கார்டை அமர்த்தினாள். கம்பியைச் சரிபார்த்து முடுக்கினாள். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. நான் வீலைப் பிடித்தபடியே இருந்ததால் துடைக்கச் சொல்லி ஜாடை காட்டினேன். தோளில் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப முடுக்காத. பிளாஸ்டிக்கு, பொளந்துரும். அடுத்த பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம். ம். இப்ப உருவு."

உருவினாள். நான் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். மூன்று பேரும் காதைக் கொடுத்துக் கேட்டோம். ஒரு இடத்தில் மட்டும் உரசியது. அவள் குனிந்து, எந்தக் கம்பி என்று அவளாகவே கண்டுபிடித்து, அரைச் சுற்றுத் தளர்த்தி இழுத்துவிட்டாள். மறுபடி சுற்றினேன். சத்தம் இல்லை.

"இப்ப ஏறி உக்காந்து ஹேண்டில ஒடிச்சுத் திருப்பு," என்றான் மிக்கேல். "கால் விரல் முன் மட்கார்டுல தட்டுதான்னு பாரு."

"தட்டுது."

"வளைவுல தட்டுனா விழுந்துருவ. கீழ் முனைய ரெண்டு இஞ்சு அறுத்துரு." சொல்லிவிட்டு, தயங்கினான். "ஒத்தக் கையால ரம்பம் பிடிக்க முடியாது மேரி. அத மட்டும் நான் அறுக்கவா?"

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரம்பத்தை எடுத்து நீட்டினாள். அவன் அறுத்தான். நாலு இழுப்பில் முடிகிற வேலையை அவன் அவ்வளவு மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை.

தொங்கட்டானுக்கு ஒரு நீலத் தண்ணீர்க் கேனை நானே கடையிலிருந்து கொண்டுவந்து வெட்டிக் கொடுத்தேன். புதுக் கேன். என்னால் வேறு எப்படி மன்னிப்புக் கேட்க முடியும்? டீச்சர் அதை வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் நீளமா வெட்டியிருக்கலாம்ண்ணே," என்றாள். அண்ணே என்ற சொல் திரும்பி வந்ததில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கிளம்புகிற அன்று விடிகாலைப் பூசை. நான் பள்ளிவாசலில் பஜ்ரு தொழுதுவிட்டு நேராகக் கோயில் மைதானத்துக்குப் போனேன். நாற்பத்தொரு சைக்கிள் வரிசையாக நின்றன. பாதிக்கு மேல் பழைய கறுப்புச் சைக்கிள்கள், நடுவில் பச்சை. காவி உடுப்பும் கழுத்தில் ஜெபமாலையுமாக ஆட்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். அவருக்கு முன்னால் அருள்நாதன் ஒவ்வொரு சைக்கிளாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். பச்சைச் சைக்கிளில் தொங்கட்டானைப் பிடித்து ஆட்டினார், மட்கார்டை ஒரு தட்டுத் தட்டினார், "மிக்கேலு வேல மிக்கேலு வேலதான்," என்றார்.

"நான் மாட்டுனதுண்ணே," என்றாள் டீச்சர்.

அவர் மிக்கேலைப் பார்த்தார். மிக்கேல் ஆமாம் என்று தலையாட்டினான்.

அவர் நகர்ந்த பிறகு மிக்கேல் அவள் பக்கத்தில் போய் நின்றான். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். காது கேட்கிற தூரம்தான், வேறென்ன.

"மேரி, கடேசியா ஒரு வார்த்த. எனக்காகன்னா இப்பக்கூட வேணாம். மாதாகிட்ட நானே பேசிக்கிறேன்."

அவள் ஹேண்டிலில் கையை வைத்தபடி யோசித்தாள்.

"உங்களுக்காகத்தான் ஆரம்பிச்சேன். இல்லேங்கல," என்றாள். "ஏப்ரல்ல இருந்து வெள்ளன எந்திரிச்சு மிதிச்சேன்ல. மொத மாசம் முட்டி விட்டுப்போச்சு. அப்புறம் என்னான்னா, பொழுது எப்படா விடியும்னு இருந்துச்சு. ரோட்டுல ஒரு ஆளு இருக்காது. டீச்சர்னு கூப்பிட ஆளில்ல, அம்மான்னு கூப்பிட ஆளில்ல, ஒல வைக்கணும்னு இல்ல. காத்து மூஞ்சில அடிக்கும். அந்த ஒரு மணி நேரத்துல நான் உங்கள நெனைக்கவே மாட்டேன். வேண்டுதலயும் நெனைக்க மாட்டேன். இத மாதாகிட்டயும் சொல்லிட்டேன். எனக்கே போகணும்னு ஆசையா இருக்குங்க. அடுத்த வருசமும் போவேன்."

"அப்ப எனக்காக இல்ல," என்றான் அவன். ஏதோ கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி கேட்டான்.

"முழுசா இல்ல. இப்ப நெனச்சுப் பாத்தா, நீங்க செத்துப்போயிருந்தாக்கூட போயிருப்பேன் போலருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மிக்கேல் சிரித்தான். ஜனவரிக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவளும் சேர்ந்துகொண்டாள். தீர்த்தம் தெளிக்கிற சாமியார்கூட நின்று திரும்பிப் பார்த்தார். அருள்நாதன் முறைத்தார்.

"போயிட்டு வா மேரி," என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டு. "பாத்துப் போ. ரோட்டுல தண்ணி குடி."

"மாத்திரை அலமாரில இருக்கு. ராத்திரி மறந்துராதீங்க. அண்ணே, நீங்க ஞாபகப்படுத்துங்க," என்று அவள் என்னிடம் சொல்லிவிட்டுக் காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள்.

விசில் ஊதினார்கள். வரிசை நகர்ந்தது. இவளும் மிதித்தாள். மைதானத்து வாசலில் கொஞ்சம் ஆடியது சைக்கிள், பிறகு நேராகிவிட்டது. முன்னே இருபது பேர், பின்னே இருபது பேர், அவர்கள் நடுவில் அவள் திருச்சி ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் நாங்கள் நின்றோம். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைக்கு நடந்து வரும்போது அவன் கையைப் பிசைந்துகொண்டே வந்தான்.

"என்ன மிக்கேலு?"

"பின் வீல்ல காத்துக் கொஞ்சம் கம்மியா இருந்த மாதிரி தெரிஞ்சுச்சா பாய்?"

"இல்லியே. கல்லு மாதிரி இருந்துச்சு."

அவன் இன்னும் நாலடி நடந்தான்.

"ஆமா, இருக்காதுதான்," என்றான். "நாலு மணிக்கே எந்திரிச்சு அவளே அடிச்சா. நான் படுத்தபடியே கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."